பட்டம் வாங்குமுன் ஒரு செமஸ்டர்: போஹும், எம்ஷர், பாலாறு

ஊருக்குத் திரும்பி மூன்று மாசம் ஆகப் போகிறது, இன்னமும் யாராவது ஒருத்தர் பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ பார்த்துவிட்டு "ஜெர்மனி எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை அது. பட்டமளிப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள், அதற்கப்புறம் வேலை, அலைச்சல் என்று போய்விடும், அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் போகும்.

நான் பள்ளிகொண்டாக்காரி. பாலாற்றங்கரை ஊர். ஆம்பூர் எங்களுக்கு மேலே, வேலூர் கீழே. அப்பா ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில், தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் செக்‌ஷனில் இருக்கிறார், அம்மா ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறார், காலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வருவதற்குள் எங்கள் வீட்டில் சமையல் முடிந்திருக்கும். நாங்கள் சாப்பிட்ட சோறு, நான் படித்த படிப்பு எல்லாம் தோலில் இருந்து வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்துப் போனதும் அதே தோலில் இருந்துதான் வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் நான் ஜெர்மனியைப் பற்றிக்கூட எழுத முடியாது. ஏனென்று போகப் போகத் தெரியும்.

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் படித்தேன். கடைசி வருஷத்தில் ஒரு செமஸ்டரை வெளிநாட்டில் படித்துவிட்டு வரலாம், மார்க்கை இங்கே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கான சின்னத் தொகை மட்டும்தான். ஆனால் விசாவுக்கு முன்னால் பிளாக்டு அக்கவுண்டில் பணம் கட்டிக் காட்ட வேண்டும். அப்போதைய கணக்குப்படி வருஷத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாசத்துக்கு 992. எனக்கு அரை வருஷத்துக்கானது போதும் என்றாலும் நம் பணத்தில் ஐந்தரை லட்சத்தைத் தொடுகிறது. அது செலவாகிற பணம் இல்லை, மாசாமாசம் நமக்கே திரும்பி வந்து அதில்தான் வாடகையும் சாப்பாடும் என்று அப்பாவுக்குப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது. புரிந்த அன்றைக்கே சீட்டை எடுத்தார், அம்மா நகையை அடகு வைத்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

2024 அக்டோபரில் போஹும் போய்ச் சேர்ந்தேன். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையுமாக இருந்த ரூர் பகுதியில் இருக்கிற ஊர் அது. எஸ்ஸன், டோர்ட்முண்ட், போஹும், கெல்சன்கிர்ஷன், எல்லாமே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று ரயிலில் இருந்து பார்த்தால் தெரியாது. படங்களில் வருகிற மாதிரி மலையும் கோட்டையும் கிடையாது. பல்கலைக்கழகமே 1960களில் கட்டிய சாம்பல் நிறக் கான்கிரீட் கட்டடங்கள்தான், பெரிசு பெரிசாக ஒரு மேட்டின்மேல் நிற்கும். ஆனால் அந்த மேட்டின் கோடியில் போய் நின்றால் கீழே ரூர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், இலை சிவந்து கிடந்த அக்டோபரில் நான் தினமும் வகுப்பு முடிந்து அங்கே போய் நிற்பேன்.

படிப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால். நமக்கு இருப்பது போல இன்டர்னல், அசைன்மென்ட், அட்டெண்டன்ஸ் என்று வாராவாரம் யாரும் துரத்த மாட்டார்கள். நான் எடுத்த பெரும்பாலான பாடங்களுக்குக் கடைசியில் ஒரே ஒரு பரீட்சைதான். மார்க் தலைகீழ்: 1.0 வாங்கினால் முதல் தரம், 4.0 வரைக்கும் பாஸ், 5.0 என்றால் ஃபெயில். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அந்த இருட்டுக்கு மனசு பழகத்தான் நாளாகும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கி வைத்துவிடுங்கள். செமஸ்டர் கட்டணத்தோடு ஒரு டிக்கெட் தருவார்கள், அதை வைத்துக்கொண்டு நாடு முழுக்கச் சாதாரண ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் போகலாம், விரைவு ரயிலில் மட்டும் ஏற முடியாது. என் பயணம் முழுக்க அந்த ஒரு டிக்கெட்டில் நடந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நகர்ப்புற நீர் மேலாண்மை என்று ஒரு பாடம் எடுத்திருந்தேன். ஆரம்ப வகுப்பு ஒன்றில் பேராசிரியர் அந்தப் பகுதியின் வரைபடத்தைப் போட்டு, தெற்கே ரூர் ஆறு, வடக்கே எம்ஷர் ஆறு என்று காட்டினார். ரூரில் இருந்து குடிதண்ணீர் எடுத்தார்கள், அதனால் அதைக் கெடாமல் பார்த்துக்கொண்டார்கள். எம்ஷரைச் சாக்கடைக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கிவிட்டார்கள் என்றால் தெரியாமல் நடந்தது இல்லை, கூடி உட்கார்ந்து முடிவு செய்து, பணம் போட்டு, நூறு வருஷத்துக்கு மேல் ஒரு ஆற்றையே திறந்த சாக்கடையாக ஓட விட்டிருக்கிறார்கள். சுரங்கக் கழிவு, தொழிற்சாலைக் கழிவு, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களின் வீட்டுக் கழிவு, எல்லாம் அதில். ஆற்றை நேராக்கி, அடியில் கான்கிரீட் போட்டு, பக்கத்தில் வேலி கட்டி, பிள்ளைகள் விழுந்துவிடாமல் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தார்கள்.

எனக்கு அன்றைக்கு நெஞ்சு படபடத்தது. சின்ன வயசில் இருந்து, "வெளிநாட்டுக்காரன் சுத்தமானவன், நம்ம ஜனம்தான் இப்படி" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆற்றைப் பற்றிப் பேச்சு வந்தாலே பெரியவர்கள் அந்த வார்த்தையில்தான் முடிப்பார்கள். இதோ அந்த வெளிநாட்டுக்காரனே நூறு வருஷம் அப்படித்தான் இருந்திருக்கிறான்.

ஏன் குழாய் பதித்துப் பூமிக்கு அடியில் கொண்டுபோகவில்லை என்று கேட்டேன். அடியில் நிலக்கரியைத் தோண்டத் தோண்ட மேலே நிலம் உள்வாங்கிக்கொண்டே இருந்ததாம். எந்தக் குழாயைப் புதைத்தாலும் உடைந்துவிடும். திறந்த கால்வாய் என்றால் இடிந்த இடத்தைச் சரி செய்துவிடலாம். சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து, ஒவ்வொன்றாக மூடத் தொடங்கிய பிறகுதான் நிலம் அசையாமல் நின்றது, அதற்கப்புறம்தான் 1990களின் தொடக்கத்தில் ஆற்றைத் திருப்பிக் கொடுக்கிற வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். டோர்ட்முண்டில் இருந்து டின்ஸ்லாகன் வரைக்கும் 51 கிலோமீட்டருக்குப் பெரிய கழிவுநீர்க் குழாய், சில இடத்தில் 40 மீட்டர் ஆழம். ஐந்து பில்லியன் யூரோவுக்கு மேல் செலவு, முப்பது வருஷ வேலை. 2021 கடைசியில்தான் எம்ஷரில் கழிவுநீர் விழுவது முழுசாக நின்றது. நான் காலேஜ் சேர்ந்த வருஷம் அது! அதே 2021 நவம்பரில்தான் எங்கள் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. எங்கள் தெருவே பாலத்துக்குப் போய் நின்றது, ஆயா, அதாவது என் பாட்டி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டது.

பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் டோர்ட்முண்டில் ஹெர்டே என்கிற இடத்துக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். ஃபீனிக்ஸ் ஏரி என்று ஒன்று இருக்கிறது. சுற்றி நடைபாதை, காபிக் கடை, வெள்ளை வெள்ளையாகப் புது வீடுகள், பாய்மரப் படகு. 2001 வரைக்கும் அந்த இடம் இரும்பாலை. ஆலையை மூடியதும் அதைக் கழற்றி, கப்பலில் ஏற்றிச் சீனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருந்த பள்ளத்தில் 2010 அக்டோபரில் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஏரியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் ஓடிய எம்ஷரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலை இருந்த வரைக்கும் அந்த இடத்தில் எம்ஷர் குழாய்க்குள்தான் போயிருக்கிறது. இப்போது முழங்கால் ஆழம்கூட இருக்காது, இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம், அவ்வளவு சின்ன ஆறு. ஓரத்தில் நாணல், அடியில் கூழாங்கல் தெரிகிறது, கல்லைச் சுற்றிப் பாசி ஆடுகிறது. குனிந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை, குளிரில் விரல்தான் விறைத்தது. கூட வந்த ஜெர்மன் பெண் ஒருத்தி, தன் பாட்டி இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்ததாகச் சொன்னாள். எனக்கு ஆம்பூரில் பஸ் கண்ணாடியை இழுத்து மூடுகிற கைகள் ஞாபகம் வந்தன.

அன்று ராத்திரி அப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன். உடனே போன் பண்ணினார். "இன்னாம்மா, இதுவா சாக்கட ஆறு?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த ஆல மூடினப்ப அதுல வேல செஞ்சவங்க இன்னா ஆனாங்க?" என்று கேட்டார். எங்கள் வகுப்பில் யாருமே கேட்காத கேள்வி. எனக்கும் தோன்றாத கேள்வி. இரண்டு நாள் அதையே தேடிப் படித்தேன். நிலக்கரிச் சுரங்கங்களை ஒரே நாளில் இழுத்து மூடாமல் பல பத்தாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்திருக்கிறார்கள், கடைசிச் சுரங்கம் போட்ராப்பில் 2018 டிசம்பரில்தான் மூடியது, வயசானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம், இளைஞர்களுக்கு வேறு பயிற்சி என்று அரசாங்கம் பெரும் பணம் கொட்டியிருக்கிறது. அப்படியும் வேலையில்லாதவர்கள் அதிகம் உள்ள பகுதி அது, ஹெர்டேயின் பழைய தெருக்களில் நடந்தாலே தெரியும், ஏரிக்கரையில் வீடு வாங்கியவர்கள் வேறு, பழைய தொழிலாளிகள் வேறு. இதை நான் அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

பொங்கலுக்கு ஹம் என்கிற ஊருக்குப் போனேன். டோர்ட்முண்டில் இருந்து ரயிலில் அரை மணி நேரம், அப்புறம் பஸ். தொழிற்பேட்டை நடுவில், கிடங்குகளுக்கும் லாரிகளுக்கும் பக்கத்தில், 17 மீட்டர் ராஜகோபுரத்தோடு காமாட்சி அம்பாள் கோயில். போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் காசு சேர்த்துக் கட்டி 2002ல் குடமுழுக்கு செய்த கோயில். பனி கொட்டிக் கிடந்தது, உள்ளே நுழைந்ததும் விபூதி வாசனையும் நாதஸ்வரமும். கண்ணீர் முட்டிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா கையைப் பிடித்து, "எங்கயிருந்து வந்தனீங்கள் பிள்ளை?" என்றார். வேலூர்ப் பக்கம் என்றேன். "ஆசுபத்திரி இருக்கிற வேலூரோ?" என்று கேட்டுவிட்டு, சர்க்கரைப் பொங்கல் வாங்கிக் கொடுத்து, நான் முழுசும் சாப்பிடும் வரைக்கும் நகரவே இல்லை. போய் நாற்பது வருஷமாகிவிட்டதாம். ஊருக்குத் திரும்பவில்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. திரும்ப ஒரு ஊர் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் ஜனவரி 30. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஊர் நண்பர்கள் குரூப்பில் செய்தி வந்து விழுந்தது: பாலாறு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட பழைய வழக்கு எங்கள் பக்கத்தில் சட்டம் படிக்காதவர்களுக்குக்கூடத் தெரியும். மாசுபடுத்துபவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக 1996ல் சொன்ன வழக்கு அது. இன்றைக்கும் நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. வழக்குப் பாடமாகிவிட்டது, ஆறு ஆறாகவில்லை. இப்போது மறுபடியும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, கண்காணிக்க ஒரு குழு என்று உத்தரவு. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு முழுத் தீர்ப்பையும் போனிலேயே படித்தேன். ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் அந்தப் பக்கம் உட்கார்ந்து என் ஊர் ஆற்றைப் பற்றி நீதிபதிகள் எழுதியதை வாசிக்கையில் பெருமையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. 1996ல் நான் பிறக்கவே இல்லை.

பரீட்சை முடிந்து மார்ச்சில் ஊர் சுற்றினேன். பாரிஸ் போகவில்லையா என்று சித்தி மகள் இன்றைக்கும் கோபமாக இருக்கிறாள். கையில் இருந்த காசுக்கும் நாளுக்கும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால்தான் மனசில் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. எம்ஷர் போய்ச் சேர்கிற ரைன் ஆற்றைப் பிடித்துக்கொண்டேன். கொலோனில் கார்னிவல் ஊர்வலம் பார்த்தேன், மேலே இருந்து எறிகிற மிட்டாய்க்கு ஊரே குடையைத் தலைகீழாகப் பிடிக்கிறது, பெரியவர் சின்னவர் பேதம் இல்லை. வுப்பர்டாலில் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிற ரயில், 1901ல் இருந்து ஓடுகிறது, அதில் மட்டும் இறங்க மனசில்லாமல் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் போய் வந்தேன்.

சாதாரண ரயிலில் மாறி மாறி ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து, சுவிட்சர்லாந்தில் ரைன் கரையில் இருக்கிற பாசல் போனேன். 1986 நவம்பர் 1ம் தேதி அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து, தீயணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்தெல்லாம் ரைனில் இறங்கி, ஆறு சிவப்பாக ஓடியது. விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அந்த அதிர்ச்சியில்தான் ரைன் கரை நாடுகள் எல்லாம் உட்கார்ந்து அடுத்த வருஷமே ஒரு செயல்திட்டம் போட்டன. 2000க்குள் சால்மன் மீன் திரும்ப வர வேண்டும் என்று அதற்கு ஒரு இலக்கு. எத்தனையோ அளவுகோல் இருக்க, மீனை வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது, ஏனென்றால் படிக்காதவர்களுக்கும் அது புரியும், மீன் இருக்கிறதா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பாசலில் பாலத்தில் நின்று பார்த்தபோது பச்சை நிறத்தில் என்ன வேகம்! அங்கிருந்து திரும்பி, அப்புறம் பஸ் பிடித்து நெதர்லாந்தில் ராட்டர்டாம், அங்கே மெட்ரோ ரயில் கடற்கரை வரைக்கும் போகிறது. ரைன் தண்ணீர் கடலில் கலக்கிற வாயில் நின்றேன். காற்று ஆளைத் தள்ளியது. கப்பல்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. பாலாறு கல்பாக்கம் பக்கம் வயலூரில் கடலில் கலக்கிறது, எங்கள் வீட்டில் இருந்து பஸ்ஸில் ஒரு பகலில் போய்விடலாம், அதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. திரும்பி வந்த மாசமே போய்ப் பார்த்தேன்.

இதையெல்லாம் சொன்னால், "அப்ப நம்ம ஊர்லயும் அதே மாதிரி பண்ணலாமே" என்பார்கள். அப்படியே செய்ய முடியாது என்பதுதான் நான் படித்து வந்தது. எம்ஷர் வருஷம் பூரா ஓடுகிற ஆறு, கழிவைக் குழாய்க்கு மாற்றிவிட்டால் ஆறு தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். பாலாறு மணல் ஆறு. நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலம் தாண்டி 348 கிலோமீட்டர் வருகிறது, ஆனால் பெரும்பாலும் தண்ணீர் மணலுக்கு அடியில்தான். ஆயா சின்ன வயசில் மணலைக் கையால் பறித்தால் ஊற்று வரும், அதை ஓட்டில் மொண்டு குடிப்போம் என்று சொல்லும். அந்த மணலையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது, அதை ஊற வைத்துக் கழுவுகிற தண்ணீரோடு அந்த உப்பு மொத்தமும் இறங்குகிறது. தோல் பதனிடப் போடுகிற குரோமியத்தைக்கூடப் பிரித்து எடுத்துவிடலாம், உப்பு லேசில் போகாது, ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் (வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்கிற ஆர்.ஓ. முறை) வைத்துப் பிரித்தாலும் கடைசியில் அந்த உப்பு மூட்டையை எங்கே வைப்பது என்று கேள்வி நிற்கும். நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிவிட்டதைக் கழுவ மழையும் வெள்ளமும்தான் வர வேண்டும், அதற்கு மணல் வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் கொண்டுவரலாம். எம்ஷருக்கு 1899லேயே ஒரு கூட்டமைப்பு போட்டார்கள். நகராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் அதில் உறுப்பினர், யார் எவ்வளவு கெடுக்கிறாரோ அவர் அதற்குத் தகுந்த பணம் கட்ட வேண்டும். சாக்கடையாக்கினதும் அந்த அமைப்புதான், நூறு வருஷம் கழித்து ஆற்றைத் திருப்பிக் கொடுத்ததும் அதே அமைப்புதான். உற்பத்தி இடத்தில் இருந்து கழிமுகம் வரைக்கும் ஒரே கணக்கு, ஒரே பொறுப்பு. இங்கே வாணியம்பாடிக்கு ஒரு அதிகாரி, ராணிப்பேட்டைக்கு ஒருவர், நீர்வளத்துக்கு ஒரு துறை, மணலுக்கு ஒரு துறை. 2019ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆறும் மூன்று கலெக்டர்களுக்குப் பங்கானது. பாலாற்றுக்கென்று ஒரே அமைப்பு வேண்டும், அதில் தோல் கம்பெனி முதலாளியும் இருக்க வேண்டும், கிணற்றுக்காரரும் இருக்க வேண்டும், அப்பா மாதிரி டிரம்முக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரும் இருக்க வேண்டும். கம்பெனியை மூடு என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வராது, என் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது.

திரும்பி வந்ததும் புராஜெக்டை மாற்றிக்கொண்டேன். முன்னால் எடுத்திருந்தது வேறு ஏதோ கட்டட சாஃப்ட்வேர் சம்பந்தமானது. வழிகாட்டியாக இருந்த ஆசிரியர் நேரம் குறைவாக இருக்கிறதே என்று யோசித்தார், அப்புறம் சரி என்றார். மாதனூரில் இருந்து விரிஞ்சிபுரம் வரைக்கும் ஆற்றை ஒட்டிய கிணறுகளில் தண்ணீர் எடுத்து உப்பு அளவு பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கூட வந்தார். குடிதண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரைக்கும் என்று நம் நாட்டு அளவுகோல் சொல்கிறது. அதைத் தாண்டிய கிணற்றுக்காரர் ஒருவர், "நீ எழுதிக்கோ தாயி, எழுதி எங்கயாவது குடு" என்று வாளியை என் பக்கம் நகர்த்தினார்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்க் வந்துவிட்டது, அது பரவாயில்லை. அந்தக் கிணறுகளுக்கு மழைக்கு அப்புறம் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என்று தொடர்ந்து அளவு எடுக்கலாம் என்று ஜூனியர் பிள்ளைகள் சிலர் வந்து கேட்டிருக்கிறார்கள், பாட்டில், மீட்டர், கிணற்றுக்காரர்கள் போன் நம்பர் எல்லாவற்றையும் கொடுக்கப் போகிறேன். மேல்படிப்புக்கு மறுபடியும் போஹும் விண்ணப்பிக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அம்மாவின் நகையை முதலில் மீட்க வேண்டும், அதனால் ஒரு வருஷம் வேலைக்குப் போவது என்று முடிவு. வெளிநாட்டு செமஸ்டருக்கு விண்ணப்பிக்க நினைக்கிற பள்ளிகொண்டா, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துப் பிள்ளைகள் யாராக இருந்தாலும் என்னிடம் கேளுங்கள். பிளாக்டு அக்கவுண்ட் கணக்கை வீட்டில் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்பது வரைக்கும் சொல்லித் தருகிறேன்.